களத்தில் வரும் கோபம் யாருக்காக?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் முன் திண்ணையில் அமர்ந்திருந்தோம். கால்பந்து ஆடும் வாலிபர் ஒருவர் தயங்கித் தயங்கி நம்மருகே வந்தார். "ஹஜ்ரத், ஒரு சந்தேகம். கோபப்படக் கூடாதுன்னு நீங்க பயான்ல சொல்றீங்க. எங்க கோச், ஆக்ரோஷமா ஆடு, எதிராளி உன்னைக் கண்டு பயப்படணும்னு சொல்றார். நான் யார் சொல்றதைக் கேட்கிறது? ஈமான் உள்ளவன் களத்துல சாதுவா நின்னு தோத்துட்டு வரணுமா?" என்று கேட்டார்.

கேட்டவர் ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர். வாதத்திற்காகக் கேட்கவில்லை; மெய்யாகவே தவித்துக் கேட்டார். அவருக்கு ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினோமே தவிர, நம் மனம் அமைதி அடையவில்லை. ஏனெனில் இந்தக் கேள்விக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம். முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

வேகம் குற்றமா?

விளையாட்டு என்றாலே அது ஈமானுக்குத் தொலைவானது என்று நம்மில் சிலர் கருதுகின்றனர். மதீனமா நகரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியுள்ளார்கள். பயிற்றுவித்த குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்றுவிக்காத குதிரைகள் அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் ஓடின. அதில் கலந்துகொண்டவர்களில் ஹள்ரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர் என்று புகாரி ஷரீஃபில் காண்கிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதும், ஒரு முறை அன்னையார் முந்தியதும், பின்னொரு முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, முன்னதற்கும் இதற்கும் சரியாயிற்று என்று பொருள்படக் கூறியதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன.

இவற்றைவிட, அந்த வாலிபரின் கேள்விக்கு நேராகவே விடை தரும் நிகழ்ச்சி ஒன்று புகாரியில் இருக்கிறது. அஸ்லம் குலத்தார் சிலர் இரு பிரிவாகப் பிரிந்து அம்பெய்து போட்டியிட்டுக் கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை ஊக்கப்படுத்தி, தாம் இன்ன பிரிவாரின் பக்கம் என்று கூறினார்கள். உடனே எதிர்ப் பிரிவார் அம்பெய்வதை நிறுத்திவிட்டனர். அல்லாஹ்வின் தூதர் அந்தப் பக்கம் இருக்கையில் நாங்கள் எப்படி எய்வோம் என்பது அவர்களது எண்ணம். அது கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், தாம் இரு பிரிவாருடனும் இருப்பதாகக் கூறி, மீண்டும் எய்யச் சொன்னார்கள்.

சகோதரர்களே! சிந்தித்துப் பாருங்கள். பக்தி அந்தத் தோழர்களின் கைகளைக் கட்டிப் போட்டது. அந்தக் கட்டை அவிழ்த்து விட்டவர்கள் யார்? நாயகம் (ஸல்) அவர்களே அன்றோ! 'என்மீது உங்களுக்கு எவ்வளவு மரியாதை!' என்று மகிழ்ந்து, போட்டியை அத்துடன் முடித்து வைக்கவில்லை. ஆகவே, ஈமான் உள்ளவன் களத்தில் கைகட்டி நிற்க வேண்டும் என்று மார்க்கம் கேட்கவில்லை. முந்த வேண்டும், வெல்ல வேண்டும் என்ற துடிப்பு குற்றமன்று.

வேட்டை நாயின் மூன்று இலக்கணங்கள்

அப்படியானால் எது குற்றம்? ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில், அறிவை வேட்டைக்குச் செல்லும் குதிரை வீரனுக்கும், ஆசையை அவன் ஏறிச் செல்லும் குதிரைக்கும், கோபத்தை அவனுடைய வேட்டை நாய்க்கும் உவமை கூறுகிறார்கள். நாயை அடித்துக் கொன்றுவிடு என்று இமாமவர்கள் சொல்லவில்லை. நாய் இல்லாமல் வேட்டை இல்லை. ஆனால் பழக்கப்படாத நாய், வேட்டையையும் கெடுக்கும், வைத்திருப்பவனையும் கடிக்கும்.

இவ்விடத்தில் ஃபிக்ஹு நூல்களில் நாம் ஓதிய வேட்டைப் பாடம் நினைவுக்கு வருகிறது. வேட்டை நாய் பிடித்து வந்த பிராணி ஹலாலாக வேண்டுமானால், அந்த நாய் பழக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பழக்கப்பட்டது என்பதற்கு அடையாளம் என்ன? ஏவினால் செல்ல வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்ததைத் தான் தின்னாமல் எசமானனுக்காக வைத்திருக்க வேண்டும். அது தின்றுவிட்டால் தனக்காகவே பிடித்திருக்கிறது என்று அஞ்ச வேண்டியுள்ளது. ஆகவே அதை உண்ணலாகாது என்னும் கருத்தில் ஹள்ரத் அதிய்யு இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள்.

விளையாட்டு வீரனின் ஆக்ரோஷத்திற்கும் இம்மூன்றையே அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். அவன் ஏவியபோது அது புறப்படுகிறதா, அல்லது பிறர் சீண்டியபோதெல்லாம் பாய்கிறதா? விசில் ஊதியவுடன் நிற்கிறதா? எதிராளி வலியால் துடிக்கும்போது அதில் சுவை காண்கிறதா? இந்த மூன்றாவது கேள்விதான் மிகக் கடினமானது. முதல் இரண்டையும் நடுவர் பார்க்கலாம். மூன்றாவதை அல்லாஹ்வும் அவனுமே அறிவார்கள்.

தொழுகை தாயத்தன்று

'தொழுகிறவனுக்குக் கோபம் தானாகவே அடங்கிவிடும்' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். உலகில் நடப்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல நா எழவில்லை.

1997ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த குத்துச்சண்டையில் மைக் டைசன், தம் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தார். ஒரு முறை கடித்து, எச்சரிக்கப்பட்ட பின் மறுபடியும் கடித்தார். எதிராளி தம்மைத் தலையால் முட்டியதற்குப் பதில் அது என்றார். அவருடைய குத்துச்சண்டை உரிமம் பறிக்கப்பட்டது. 30 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. டைசன் சிறையில் இருந்த காலத்தில் இஸ்லாத்தைத் தழுவியவர். கடிபட்ட ஹோலிஃபீல்டோ தமது கிறிஸ்தவப் பற்றை ஒளிக்காமல் கூறுபவர். கடித்தவர் நம்மவர் என்பதற்காக இந்த உண்மையை நாம் மூடி மறைக்கலாமா? டைசனின் ஈமானை எடைபோட நமக்கு அதிகாரமில்லை; அது ரப்புல் ஆலமீனின் பொறுப்பு. அவர் பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாம் கூற வருவது இவ்வளவுதான்: ஷஹாதத் கலிமாவை மொழிந்துவிட்டதால் மட்டும் நாய் பழகிவிடாது. தொழுகை கழுத்தில் கட்டிக்கொள்ளும் தாயத்தன்று. அது பயிற்சி. பயிற்சியைப் பயிற்சியாகச் செய்தவனுக்கே அதன் பலன் உண்டு.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்தி விடுகிறோம். ஒருவரோடு சண்டையிட நேர்ந்தாலும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டுள்ளார்கள். மக்காவிலுள்ள ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு சபை 1987ஆம் ஆண்டில் கூடி, குத்துச்சண்டை மார்க்கத்தில் ஆகாது என்று தீர்மானித்தது. எனவே நாம் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி எழுதுவது அத்தொழிலைப் புகழ்வதற்காக அன்று. கோபத்தை மிக அருகில் வைத்துப் பார்க்க அவர்கள் வாழ்க்கை உதவுகிறது என்பதற்காகவே.

நஃப்ஸு போர்த்தும் போர்வை

இதுவரை கூறியது வெளிப்படையான கோபம். இதனைவிட நுட்பமான, இதனைவிட அபாயமான ஒன்று உண்டு. நஃப்ஸுக்காக வந்த கோபம், மார்க்கத்தின் போர்வையைப் போர்த்திக்கொண்டு வருவதுதான் அது.

முஹம்மது அலீயை அறியாதார் யார்? 1980ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியதை நம் மூத்தோர் பலர் இன்றும் பேசுகின்றனர். 1964இல் உலகப் பட்டத்தை வென்றவுடன் பழைய பெயரைத் துறந்து முஹம்மது அலீ என்ற பெயரை ஏற்றார். அன்று அவர் சேர்ந்திருந்த அமைப்பின் கொள்கைகள் நம் அகீதாவுக்கு முரண்பட்டவை. 1975க்குப் பின்னரே அவர் பொதுவான இஸ்லாமியப் பாதைக்கு வந்தார். 1967 பிப்ரவரி 6ஆம் நாள் எர்னி டெரல் என்பவரோடு மோதினார். போட்டிக்கு முன்னர் டெரல் அவரைப் பழைய பெயராலேயே அழைத்து வந்தார். அது அலீயைச் சுட்டது. களத்தில் குத்துக்குக் குத்து, 'என் பெயர் என்ன, சொல்' என்று கேட்டுக் கேட்டு அடித்தார். பதினைந்து சுற்றும் நீடித்தது அந்தச் சண்டை. அது வெற்றியாக மட்டும் இல்லை, வதையாகவும் இருந்தது என்று பத்திரிகையாளர் பலர் அன்றே கண்டித்தனர்.

தாமே ஏற்ற பெயரால் தம்மை அழைக்கச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. அதில் ஐயமில்லை. ஆனால் சிந்தியுங்கள்: அவர் கேட்டது யாருடைய பெயர்? கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயர் அதில் இருந்தது. ரஹ்மத்தாக அனுப்பப்பட்டவர்களின் பெயரைச் சொல்லச் சொல்லி, ஒரு மனிதரை இரக்கமின்றி அடிப்பதா? நாய் பிடித்தது மட்டுமன்று. பிடித்ததைத் தின்னவும் செய்தது. ஆனால் அல்லாஹ் அம்மனிதருக்கு நீண்ட ஆயுளையும் அதில் சிந்திக்க அவகாசத்தையும் கொடுத்தான். தம் மற்றோர் எதிராளியான ஜோ ஃபிரேசியரை முன்பு இழிவாகப் பேசியதற்காக 2001இல் செய்தித்தாள் வாயிலாக மன்னிப்புக் கேட்டார்.

அண்மைக் காலத்தில் தாகிஸ்தான் வீரர் கபீப் நூர்மகமதோவ். 2018 அக்டோபர் 6ஆம் நாள், அதே லாஸ் வேகாஸில், எதிராளியை வென்று முடித்தார். போட்டிக்கு முன்பு அந்த எதிராளி, கபீபின் மார்க்கத்தையும் தந்தையையும் நாட்டையும் பழித்திருந்தார். நான்காம் சுற்றில் வெற்றி கைக்கு வந்துவிட்டது, நடுவரும் நிறுத்திவிட்டார். ஆனால் கோபம் நிற்கவில்லை. கூண்டு வேலியைத் தாண்டிக் குதித்து, எதிராளியின் ஆள் ஒருவர்மீது பாய்ந்தார். ஒன்பது மாதத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அன்றிரவே அவர் பத்திரிகையாளர்கள் முன் மன்னிப்புக் கேட்டார். ஊருக்குப் போனால் தந்தை தம்மைச் சும்மா விடமாட்டார் என்றும் சொன்னார். மகன் பழிக்கப்பட்டது யாருக்காகவோ, அந்தத் தந்தையே அக்கோபத்தை ஒப்பமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது!

அப்படியானால் ரோஷம் வேண்டாமா?

'மார்க்கத்தைப் பழித்தால் ரோஷம் வரக் கூடாதா?' என்று இங்கே கேட்பீர்கள். வர வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் தமக்காக ஒருபோதும் பழி தீர்த்ததில்லை. அல்லாஹ்வின் கண்ணியம் மீறப்பட்டபோதே நடவடிக்கை எடுத்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆனால் அந்த ஹதீஸின் பிற்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு முற்பகுதியை விட்டுவிடுகிறோம். கிராமவாசி ஒருவர் அவர்களின் மேலாடையைக் கழுத்தில் தழும்பு விழும்படி இழுத்துப் பொருள் கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துவிட்டு, அவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ஸலாம் சொல்வதுபோல் 'மரணம் உண்டாகட்டும்' என்று சிலர் வஞ்சகமாகச் சொன்னபோது அன்னை ஆயிஷா (ரலி) கொதித்தெழுந்தார்கள். அவர்களை அமைதிப்படுத்தி, மென்மையைக் கடைப்பிடிக்கச் சொன்னார்கள்.

ஆகவே ரோஷம் உண்டு. ஆனால் அது அல்லாஹ்வுக்காக வந்ததா, நமக்காக வந்ததா என்று பிரித்தறிவது எப்படி? இதற்கு நமக்கு நம் உஸ்தாது ஒரு கேள்வியைக் கற்றுத் தந்தார்கள். முன்னர் கூறிய பழைய கணக்கு இதுதான்.

உஸ்தாதின் கேள்வி

நாம் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலம். வியாழன் மாலை விடுமுறையில் ஏரிக்கரை மைதானத்தில் ஊர்ப் பிள்ளைகளோடு கால்பந்து ஆடுவோம். ஒரு நாள் எதிரணியில் ஆடிய மாற்று மதத்து வாலிபர் ஒருவர், நமக்கு அப்போதுதான் அரும்பியிருந்த தாடியைக் குறித்து ஒரு கேலி பேசினார். சிறிது நேரங்கழித்துப் பந்து அவர் காலுக்கு வந்தது. நாம் பந்தை உதைக்கவில்லை, கணுக்காலை உதைத்தோம். அவர் சுருண்டு விழுந்தார்.

மறுநாள் உஸ்தாது அழைத்து விசாரித்தார்கள். "சுன்னத்தைக் கேலி பண்ணினான் ஹஜ்ரத்" என்றோம், தலை நிமிர்ந்து. உஸ்தாது அமைதியாகக் கேட்டார்கள்: "உன் தாடியை விட்டுட்டு, உன் பக்கத்துல நின்ன பையன் தாடியைக் கேலி பண்ணியிருந்தா உதைச்சிருப்பியா?"

நமக்குப் பேச்சு வரவில்லை.

"இந்த வருஷம் வேட்டைப் பாடம் ஓதினியே. நாய் தின்னுச்சா, இல்லையா?"

அவர் விழுந்து துடித்த அந்தக் கணம் நம் உள்ளத்தில் ஓர் இனிப்பு ஊறியது மெய். அதனை மறைக்க முடியவில்லை. "தின்னுச்சு ஹஜ்ரத்" என்றோம். அப்போது உஸ்தாது, மவ்லானா ரூமி (ரஹ்) 'மஸ்னவீ'யில் கூறும் நிகழ்ச்சியைச் சொன்னார்கள். ஹள்ரத் அலீ (ரலி) அவர்கள் போர்க்களத்தில் ஒரு பகைவனை வீழ்த்திவிட்ட நிலையில் அவன் அவர்கள் முகத்தில் உமிழ்ந்தான். உடனே வாளைக் கீழே போட்டுவிட்டார்கள். அதுவரை அல்லாஹ்வுக்காகப் போரிட்டவர்களுக்கு, அந்தக் கணத்தில் தம் நஃப்ஸும் பங்கு கேட்க வந்துவிட்டது தெரிந்தது. மார்க்கத்துக்காகப் போரிட்ட களத்திலேயே அவர்கள் நின்று சோதித்தார்கள் என்றால், பந்தாடும் களத்தில் நாம் சோதிக்க வேண்டாமா?

"தவ்பா செய்தால் போதுமா?" என்று கேட்டோம். "அல்லாஹ்வோட ஹக்குக்குத் தவ்பா போதும். அடியானோட ஹக்குக்கு அடியான் மன்னிக்கணும். வா" என்று நம்மை அந்த வாலிபர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். அவர் வீங்கிய காலில் துணி சுற்றித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் தாயார் உஸ்தாதுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். நாம் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்க பாய், நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார் அவர். நாம் உதைத்து வாங்க முடியாத ஒன்று அங்கே கேட்காமலே கிடைத்தது. கேலி செய்த நாவே தன் தவற்றை ஒப்புக்கொண்டது. தீமையை அதைவிட அழகியதைக் கொண்டு தடுக்குமாறு ஃபுஸ்ஸிலத் அத்தியாயத்தில் அல்லாஹ் அருளியிருப்பதன் பொருள் அன்றைக்குத்தான் நமக்கு விளங்கியது.

தாடியும் மட்டையும்

இதனை ஓதிய பிறகு, தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் அம்லாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2006 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டத்தில், தொலைக்காட்சி வருணனையாளர் ஒருவர், ஒலிபரப்பு நின்றுவிட்டதாக எண்ணி, தாடி வைத்த அம்லாவைப் 'பயங்கரவாதி' என்ற சொல்லால் குறிப்பிட்டார். உலகமே கேட்டுவிட்டது. அந்த வருணனையாளர் வேலையை இழந்தார், மன்னிப்பும் கேட்டார். அம்லா மன்னிப்பை ஏற்றுக்கொண்டு தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதனால் அவருடைய வேகம் குறைந்துவிட்டதா? 2012 ஜூலையில் லண்டன் ஓவல் மைதானத்தில் 529 பந்துகளைச் சந்தித்து, ஆட்டமிழக்காமல் 311 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கர் ஒருவர் எடுத்த முதல் முச்சதம் அது. சாதுவாக நின்று தோற்றுவிட்டு வந்தாரா? இல்லை. நாய் அவரிடமும் இருந்தது. ஏவிய இடத்திற்கு மட்டும் சென்றது.

அந்த வாலிபருக்கு நம் விடை

எனவே அந்தத் தம்பிக்கு நாம் சொல்லிக்கொள்வது: உம் பயிற்சியாளர் வேகமாக ஆடச் சொன்னால் ஆடும். பந்துக்காகப் பாயும். வெற்றியை விரும்பும். ஆனால் எதிராளியின் காலை நோக்கி மனம் திரும்பும் அந்த ஒரு கணத்தில், 'இது யாருக்காக?' என்று உம்மையே கேளும். உமது மார்க்கத்தை ஒருவன் பழித்தால், உஸ்தாதின் கேள்வியைக் கேட்டுப் பாரும். அதற்கு நேர்மையாக விடை சொல்ல முடியவில்லை என்றால் கையையும் காலையும் அடக்கிக்கொள்ளும், நடுவரிடம் முறையிடும். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், ஒளுச் செய்யவும் நமக்குக் கற்றுத் தரப்பட்டுள்ளது. இடைவேளையில் ஒரு குவளைத் தண்ணீரில் அது முடிந்துவிடும்.

தோற்றுவிட்டாலோ, நாயகம் (ஸல்) அவர்களின் அள்பா என்ற ஒட்டகத்தை நினைத்துக்கொள்ளும். எந்த ஒட்டகமும் அதனை முந்தியதில்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவரின் ஒட்டகம் முந்திவிட்டது. தோழர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. அதனை அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், இவ்வுலகில் எது உயர்ந்தாலும் அதனைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் ஆறுதல் கூறினார்கள். தம் ஒட்டகத்தின் தோல்வியையே இவ்வளவு இலகுவாக ஏற்றவர்களின் உம்மத்தினர் நாம்.

ஆளை வீழ்த்துபவனை அல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்குபவனையே வீரன் என்று நமக்குக் கற்பித்தார்கள். அந்த மல்யுத்தத்திற்குப் பார்வையாளர் கிடையாது, கோப்பை கிடையாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. பள்ளியில் இமாமாக நிற்கும் நாமும் அதில் இன்னும் முழுவதும் வென்றுவிடவில்லை.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் வாலிபர்களின் கரங்களுக்கும் கால்களுக்கும் வலிமையையும், உள்ளங்களுக்கு அவ்வலிமையை ஆளும் ஆற்றலையும் தந்தருள்வானாக! நாம் எவரையேனும் நோகச் செய்திருந்தால், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் சென்று மன்னிப்புக் கேட்கும் தவ்ஃபீக்கை நமக்கு அளிப்பானாக! ஆமீன்.